பாதியாகாத வெற்றி

2024 ஜனவரி 27 அன்று மெல்பர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓபன் ஆடவர் இரட்டையர் இறுதியாட்டத்தில் ரோஹன் போபண்ணாவும் மேத்யூ எப்டனும் இத்தாலியின் சிமோன் பொலெல்லி, ஆண்ட்ரியா வவசோரி இணையை 7-6, 7-5 என வென்றார்கள். போபண்ணாவுக்கு அப்போது வயது 43. ஓபன் காலகட்டத்தில் இத்தனை வயதில் ஆடவர் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தை எவரும் வென்றதில்லை. சாதனை இருக்கட்டும், எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது வெற்றியின் பலனைப் பங்கிடும் முறை. பரிசுத்தொகை இணைக்கு இவ்வளவு என்று அறிவிக்கப்படுகிறது. இருவரும் அதைப் பிரித்துக்கொள்கிறார்கள். தரவரிசைப் புள்ளிகளின் கதை வேறு. பட்டத்துக்கு உரிய 2000 புள்ளிகள் ஆளுக்கு ஆயிரமாகக் குறைவதில்லை. இருவருக்கும் முழு 2000 போய்ச் சேருகிறது. செயல் ஒன்றுதான். அதன் ஒரு பலன் பாதியாகிறது, இன்னொன்று பாதியாக மறுக்கிறது. பார்த்தால் கணக்குப் பிழை போலிருக்கும். ஆனால் செயலின் இயல்பை அறிந்தது புள்ளிக் கணக்குதான் என்பது என் கட்சி.

இதை ஏற்பது நம் சமய மரபுக்கு அவ்வளவு எளிதல்ல. வினைக்கொள்கையைப் பேசும் சைவரும் சமணரும் பௌத்தரும் ஆயிரம் விஷயங்களில் சண்டையிட்டாலும், அவரவர் செய்ததை அவரவரே நுகர்வர் என்பதில் ஏறக்குறைய ஒன்றுபடுகிறார்கள். ஒரு செயலுக்கு ஒரு கர்த்தா என்பது அதன் அடியில் சொல்லாமல் கிடக்கும் எண்ணம். இரட்டையர் டென்னிஸ் அந்த எண்ணத்தைத் தொந்தரவு செய்கிறது. டேபிள் டென்னிஸில் இணையர் மாறி மாறித்தான் அடிக்க வேண்டும். டென்னிஸில் சர்வீஸைத் திருப்பிய பிறகு யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒருவர் எதிராளியின் காலடியில் தாழ்வாகப் பந்தைத் திருப்புகிறார். எதிராளி வேறு வழியின்றி மேலே தூக்குகிறார். வலையருகே நிற்கும் கூட்டாளி அதை வாலியடித்து முடிக்கிறார். புள்ளியை எடுத்தவர் யார்? சிலசமயம் வலையருகே நிற்பவர் பந்தைத் தொடுவதே இல்லை. அவர் நகர்ந்த ஒரே காரணத்தால் எதிராளி கோட்டுக்கு வெளியே அடித்துவிடுகிறார். தொடாமலே செய்த அந்தச் செயலை எந்தப் புள்ளிவிவரப் பட்டியலில் சேர்ப்பது? பகவத் கீதையின் 18ஆம் அத்தியாயம் ஒரு செயலுக்கு ஐந்து காரணங்களை எண்ணி, தன்னை மட்டுமே கர்த்தாவாகக் காண்பவன் சரியாகக் காணவில்லை என்கிறது. அங்கே நோக்கம் அகந்தையைக் கரைப்பது. எனக்கு வேண்டியது அதுவல்ல. கர்த்தா இருக்கட்டும், அவர் இருவராக இருக்க முடியுமா என்பதே கேள்வி.

இணை என்பது வெறும் பெயர் என்று பௌத்தர் மறுப்பார். மணிமேகலையின் கடைசிக் காதை உடம்பையும் நாட்டையும் தொகையாக வழங்கும் பெயர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அந்த வரிசையில் போபண்ணா–எப்டன் இணையையும் வைத்துவிடலாம். அவர்கள் பக்கம் சான்றும் இருக்கிறது. பிரையன் சகோதரர்கள் சேர்ந்து 16 கிராண்ட்ஸ்லாம் வென்றவர்கள். 2018இல் பாப் இடுப்புக் காயத்தால் விலகியபோது மைக், ஜாக் சாக்குடன் ஆடி அதே ஆண்டில் விம்பிள்டனையும் அமெரிக்க ஓபனையும் வென்றார். எப்டனோ மெல்பர்ன் வெற்றிக்கு ஆறே மாதம் கழித்து, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜான் பியர்ஸுடன் தங்கம் வாங்கினார். திறமை ஆளோடு போகிறது, இணையோடு அல்ல என்பது இதனால் நிறுவப்படுகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறமை வேறு, செயல் வேறு. தனித்திறமைகளைக் கூட்டினால் இணையின் செயல் வந்துவிடும் என்றால் 2025 அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையர் வேறு விதமாக முடிந்திருக்க வேண்டும். ஒற்றையர் நட்சத்திரங்களை நிறைத்து நடத்திய அந்தப் போட்டியின் இறுதியில் இகா ஸ்வியாடெக்–காஸ்பர் ரூட் இணையை வென்றவர்கள் சாரா எர்ரானியும், மெல்பர்னில் தோற்ற அதே வவசோரியும். அதற்காக, உறுப்புகளினின்று வேறாக முழுமை என்றொரு பொருள் உண்டு என்னும் நையாயிகரிடம் போய்ச் சேரவும் நான் தயாரில்லை. 2024 முடிவில் போபண்ணாவும் எப்டனும் பிரிந்தார்கள். இணை என்ற பொருள் எதுவும் பின்னால் மிஞ்சவில்லை. இணை ஒரு பொருளல்ல என்பதில் பௌத்தர் சொல்வது சரி. ஆகவே அது கர்த்தாவும் அல்ல என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. செயல் நடக்கும் வரையில் நிலைக்கும் உறவே அங்கே கர்த்தா.

இதற்கு முன்மாதிரி, யாரும் எதிர்பாராத இடத்தில், சடங்குக் கணக்கில் கறாரான மீமாம்சகரிடம் கிடைக்கிறது. சத்ரம் என்ற நீண்ட வேள்வியைப் பதினேழு முதல் இருபத்து நான்கு பேர்வரை சேர்ந்து செய்வார்கள். எல்லோரும் எஜமானர்கள், எல்லோருமே புரோகிதர்கள். ஆகவே தட்சிணை கிடையாது. அதன் பலன் பதினேழில் ஒரு பங்காகச் சிதறுவதில்லை, ஒவ்வொருவருக்கும் முழுதாகக் கிடைக்கிறது என்பது அவர்கள் முடிவு. ஒவ்வொருவரும் சங்கல்பித்தது முழு வேள்வியை, தன் பங்கு வேலையை அல்ல. புள்ளிகள் முழுதாகச் சேர்வதற்கும் நான் காணும் நியாயம் இதுதான்.

அப்படியானால் ஒருவர் தோளில் இன்னொருவர் சவாரி செய்யலாமே? ஜான் மெக்கன்ரோவுடன் ஏழு கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் பட்டங்களை வென்ற பீட்டர் ஃபிளெமிங், மெக்கன்ரோவும் அவரோடு யார் ஆடினாலும் அதுவே உலகின் சிறந்த இணை என்ற பொருளில் கிண்டலாகச் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. எண்ணிக்கையும் அதற்கு ஒத்தூதுகிறது: மெக்கன்ரோ மார்க் வுட்ஃபோர்டுடனும் மைக்கேல் ஷ்டிக்குடனும் சேர்ந்து இன்னும் இரண்டு வென்றார், ஃபிளெமிங்கின் ஏழுமே மெக்கன்ரோவுடன் வென்றவை. ஆனால் ஆட்டவிதி சவாரிக்கு இடம் கொடுப்பதில்லை. நான்கு கேமுக்கு ஒருமுறை ஃபிளெமிங்தான் சர்வீஸ் போட்டாக வேண்டும். தன் பக்கம் வரும் சர்வீஸை அவரேதான் திருப்ப வேண்டும். மெக்கன்ரோ ஆசைப்பட்டாலும் அந்த இடத்தில் நிற்க முடியாது. பங்கு சமமில்லாமல் இருக்கலாம், இல்லாமல் போக வழியில்லை.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் மறுபக்கத்திலிருந்து வருகிறது. நல்வினையின் பலன் முழுதாகச் சேருமானால் தீவினையின் பலனும் அப்படித்தானே? 2023 பிரெஞ்சு ஓபன் மகளிர் இரட்டையரில் ஜப்பானின் மியு கட்டோ, ஆட்டம் நிற்கும் இடைவெளியில் எதிர்ப்பக்கம் தட்டிவிட்ட பந்து, பந்து எடுத்துத்தரும் சிறுமியின் கழுத்தில் பட்டது. முதலில் எச்சரிக்கை, பிறகு தகுதிநீக்கம். அந்தப் பந்தைத் தொடவே செய்யாத இந்தோனேசியாவின் அல்டிலா சுட்ஜியாடியும் கட்டோவோடு வெளியேறினார். என் வாதத்தில் விரிசல் விழக்கூடிய இடம் இதுதான் என்று அறிந்தே சொல்கிறேன்: இங்கே இருவருக்கும் பொதுவானது முடிவு மட்டும். சத்ரத்தின் பலன் எல்லோரையும் சேர்வது எல்லோரும் அதைச் சங்கல்பித்ததால். கட்டோ தட்டிய பந்து புள்ளிக்காக அடித்ததல்ல, இருவரும் மேற்கொண்ட செயலில் அது அடங்காது. அதன் பொறுப்பு அவருடையது. அதுவும் தவறுதலாக நேர்ந்தது. இணையில் ஒருவர் இல்லாமல் ஆட்டம் தொடர வழியில்லை என்பதால் மட்டுமே சுட்ஜியாடியும் போக வேண்டியிருந்தது. இணை வெளியேறியதில் விதி மீறப்படவில்லை. சுட்ஜியாடிக்கு அதில் பழி எதுவும் இல்லை.