கரைக்குக் கீழே ஒன்பது வீடுகள்

அழகர்மலை அடிவாரத்தில் என் மாமா ஒருவருக்குத் தோப்பு இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்கு மட்டும் ஓடும் ஒரு ஓடையை மறித்து இரண்டாள் உயரத்துக்கு மண்கரை போட்டார். பாசனத்துக்கு இல்லை. லீவுக்கு வரும் பிள்ளைகள் குதிக்க, அவர் தூண்டில் போட. என் மகள் நீந்தக் கற்றது அங்கேதான்.

போன வருஷம் போனபோது கரைக்குக் கீழே இருந்த காடு பிளாட்டாகி, ஒன்பது வீடுகள் முளைத்திருந்தன.

"கரை தாங்குமா மாமா?"

"நான் கட்டுறப்ப கீழ ஒரு குடிசைகூட இல்ல மாப்ள. வந்தவங்கல்ல பாத்து வந்திருக்கணும்?"

சட்டென்று தள்ளிவிட முடியாத வாதம். ஆனால் அணைகளின் 'அபாய வகைப்பாடு' இந்த வாதத்தைக் கேட்பதே இல்லை. அது கரை வலுவா பலவீனமா என்று பார்ப்பதில்லை. உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கிறது. ஒரு கல்கூட நகராமல் ஒரு கரை ஆபத்து வகுப்பில் மேலே போய்விடலாம். கோட் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கம். எனக்காக எழுதிய சின்ன ஸ்கிரிப்டை யாரோ சம்பளப் பட்டியலில் மாட்டிவிட்டால், அது என் பிழையா?

நம் சட்டமோ உயரத்தை அளக்கிறது. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வர 15 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 10 முதல் 15 என்றால் நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகள். மாமாவின் கரை அதற்கெல்லாம் கண்ணிலேயே படாது.

1874-ல் பிரிவி கவுன்சிலுக்கு ஒரு வழக்கு போனது. மதராஸ் மாகாணத்துக் கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தின. ரயில்வே கம்பெனி தோற்றது. ஏரி பழமையானது, ஊருக்கானது, அதைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை; கவனக்குறைவு இல்லாதபோது அவர் மேல் பொறுப்பில்லை என்றார்கள். அதற்கு ஆறு வருஷம் முன்புதான் இங்கிலாந்தில், சொந்த மில்லுக்காகத் தண்ணீர் தேக்கியவர் பக்கத்துச் சுரங்கத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பாகியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், யார் முதலில் வந்தார் என்பதைவிட, தண்ணீர் யாருக்காக நிற்கிறது என்பதே கனமான கேள்வியாகத் தெரிகிறது. கண்மாய்க்குக் கிடைத்த மன்னிப்பை நீச்சல் குளத்துக்கு மாமா கேட்க முடியாது.

உல்லாசத்துக்கு நின்ற தண்ணீரின் கதை 1889 மே 31 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ்டவுனில் நடந்தது. கார்னகி, ஃப்ரிக் போன்ற கோடீஸ்வரர்களின் மீன்பிடி கிளப் ஒரு பழைய அணையை வாங்கி ஏரியாக்கியிருந்தது. வண்டி போக வசதியாக உச்சியைத் தாழ்த்தினார்கள். அடியில் தண்ணீரை வடிக்கும் குழாய்கள் ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருந்தன, திரும்பப் போடவில்லை. மீன் தப்பாமலிருக்க உபரிநீர் வழியில் கம்பி வலை. பெருமழையில் குப்பை வலையை அடைத்தது. 2,200-க்கும் மேல் செத்தார்கள். நீதிமன்றத்தில் கிளப் ஒரு பைசா கொடுக்கவில்லை.

இதைப் படித்த ராத்திரி தூக்கமில்லை. மாமாவின் கலுங்கிலும் கோழிவலை கட்டியிருக்கிறது. கெண்டை போய்விடுமாம்.

ஐப்பசிக்கு முன்னால் போன் பண்ணிச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, வலையை அவிழ்த்தார். "மீனெல்லாம் போச்சு மாப்ள, சந்தோசமா?" கலுங்கை அகலப்படுத்தும் பேச்சை எடுத்தால் மட்டும் செலவுக் கணக்குக்குத் தாவிவிடுகிறார்.

ஒன்பது வீட்டுக்காரர்களுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் மாமா வீட்டு வாசல்படி அடைபடும், அவர்கள் பிளாட்டின் விலையும் இறங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மகள் அடுத்த லீவுக்கு எப்போது போகிறோம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.