தடுத்து நிறுத்தப்பட்ட அழிவு

கலிபோர்னியாவின் கிழக்குப் புறத்தே செல்லும் 395ஆம் இலக்க நெடுஞ்சாலையிலிருந்து விலகி 13 மைல் சென்றால் போடி என்னும் ஊரை அடையலாம். கடைசி 3 மைல் தார் காணாத பாதை. கடல் மட்டத்துக்கு 8,300 அடிக்கு மேல், மரமற்ற மேட்டுநிலத்திலே, வர்ணமிழந்த மரவீடுகள் நிற்கின்றன. தூரப் பயணத்தினிடையே மோட்டார் வண்டியை நிறுத்துவோர் இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு மீள்கின்றனர்.

1859இல் இங்கே பொன் கண்டவருள் ஒருவரான டபிள்யூ. எஸ். போடி அக்குளிர்காலத்திலேயே பனிப்புயலில் மாண்டார். அவர் பெயரை ஏற்ற ஊரில் 1880 அளவில் ஏழாயிரம் முதல் பத்தாயிரம் பேர்வரை வாழ்ந்தனர் என்பர். பின்னர் பொன் அருகியது. 1932இல் பெருந்தீ ஊரின் பெரும்பகுதியை எரித்தது. 1942இல் யுத்தகால ஆணையொன்று சுரங்கங்களை மூடியது.

1962இல் மாநில வரலாற்றுப் பூங்காவான போடியைப் பேணுவதற்கு வகுக்கப்பட்ட கொள்கை விந்தையானது. புதுப்பித்தலும் இல்லை, வீழவிடுதலும் இல்லை. கூரை ஒழுகினால் அடைப்பர். சுவர் சாய்ந்தால் முட்டுக்கொடுப்பர். உள்ளே கிடக்கும் தட்டுமுட்டுப் பொருள்களையும் அவற்றின்மேற் படிந்த தூசியையும் அப்படியே விட்டுவிடுவர். ‘தடுத்து நிறுத்தப்பட்ட அழிவு’ என்பது இதற்கு அவர்கள் இட்ட பெயர்.

இது வாய்மையான கொள்கைதானா? வேடமிட்ட மாந்தரை உலவவிட்டுப் பழமையை நடித்துக்காட்டும் ஊர்களோடு ஒப்பிடுமிடத்து, போடி பொய் சொல்லவில்லை எனலாம். கைவிடப்பட்டதுபோலத் தோன்றும் வீடு உண்மையிற் பொதுப்பணங்கொண்டு பேணப்படுவதே. ஆயினும் அது மறைக்கப்படாமையால் ஏமாற்று என்றல் மிகையாகும். குறை வேறோரிடத்தில் உளது. எக்கணத்தில் அழிவு நிறுத்தப்பட்டதோ, அக்கணத்தில் எஞ்சியிருந்தவையே காண்போனுக்கு வரலாறாகிவிடுகின்றன. எஞ்சாதவர் யாவர்?

சீனர் வாழ்ந்த தெருவில் இன்று காண்பதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. 1881இல் போடிக்கு விறகும் மரமும் கொணர இருப்புப்பாதை அமைத்தபோது, அவ்வேலையிலிருந்த சீனத் தொழிலாளரை விரட்டச் சுரங்கத் தொழிலாளர் கூட்டமாகப் புறப்பட்டனர். கம்பனி அவர்களை மோனோ ஏரியிலுள்ள தீவொன்றுக்கு அகற்ற வேண்டியதாயிற்று. எரிபொருளுக்காக வெட்டுண்ட பைன் மரங்களின் கொட்டைகளே அப்பகுதிப் பையூட் மக்களின் உணவு. இவ்விழப்பைக் காட்ட எந்த மேசையிலும் தூசி படிந்திருக்கவில்லை. பாழ்மனையின் அழகில் உருகும் பயணி, இரக்கம் கொள்வது மரப்பலகைகளின்மீதேயன்றி மாந்தர்மீதன்று என்னும் ஐயம் நியாயமானதே.

இனி ஓர் ஆணியின் கதை. போடியிலிருந்து எதையேனும் எடுத்துச் செல்வோரைக் கேடு சூழும் என்றொரு வழக்கு உண்டு. களவைத் தடுக்கப் பூங்காக் காவலரே அதைப் புனைந்தனர் என்றும் கூறப்படுகின்றது. நன்மை கருதியும் பொய்யுரைத்தலாகாது என்ற இம்மானுவேல் கான்ற் இதனை ஒருபோதும் மன்னித்திரார். ஆயினும் ஆணியையும் கண்ணாடித் துண்டையும் எடுத்தவர்கள், தமக்கு நேர்ந்த துன்பங்களை விவரித்து, மன்னிப்புக் கடிதத்துடன் அவற்றைத் தபாலில் திருப்பி அனுப்புகின்றனர். அச்சத்தால் நிகழும் மீட்பை அறமென்று கொள்வது கடினம். ஆனால் அச்சம் மட்டுமே எனின், ஆணியைக் குப்பையில் எறிந்தாலே போதுமே. முத்திரை ஒட்டி, கடிதமும் எழுதுவானேன்? பொருள் பிறருடையது என்ற உணர்வு, காலந்தாழ்த்தியேனும், அங்கே தொழிற்படுகின்றது. திரும்பி வரும் ஆணி எந்தப் பலகைக்கு உரியது என்பதை மட்டும் அனுப்பியவனாலும் பெரும்பாலும் சொல்ல இயலாது.