தாங்குதலும் விடுதலையும்

600 மி.மீ. டெலிபோட்டோ லென்ஸின் எடை 3 கிலோ அளவுக்கு இருக்கும். பார்வைக் கோணமோ சுமார் 4 டிகிரிதான். அந்தக் குறுகிய கோணத்தில் மூச்சின் அசைவுகூடப் படத்தைக் கலைத்துவிடும் என்பதால் லென்ஸுக்கு ஒரு தாங்கி தேவை. தாங்கப்படுவது சுதந்திரத்தை இழப்பதா என்ற பழைய தத்துவக் கேள்வியை இந்தக் கருவிகளை வைத்தே ஆராயலாம்.

ஒற்றைக் காலுள்ள மோனோபாட் எடையை வாங்கிக்கொள்ளும், சாய்வைத் தடுக்காது. டிரைபாடில் பொருத்தும் பால் ஹெட் இறுக்கத்தை நம்பியது. திருகைத் தளர்த்திய கணமே கனமான லென்ஸ் பக்கவாட்டில் சரிந்துவிடும்.

கிம்பல் ஹெட் வேறு வகை. லென்ஸின் காலை முன்னும் பின்னும் நகர்த்தி, கேமராவும் சேர்ந்த ஈர்ப்பு மையம் சுழல் அச்சில் அமையும்படி பொருத்த வேண்டும். அதன்பின் பூட்டைத் தளர்த்தினாலும் லென்ஸ் விட்ட இடத்திலேயே நிற்கும். பறக்கும் பருந்தை விரல் நுனியால் தொடரலாம். அப்போதும் டிரைபாடின் கால்கள் முழு எடையையும் சுமந்தபடியே இருக்கின்றன.

தத்துவத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. உயிர் தனித்து நிற்பதில்லை, சார்ந்ததன் இயல்பையே பெறுகிறது என்கிறது சைவ சித்தாந்தம். பாசம் எனும் கட்டைச் சார்ந்த உயிர் முத்தியில் பதியாகிய இறைவனைச் சார்கிறது. சார்பு மட்டும் நீங்குவதில்லை. இதை அடிமைத்தனம் என மறுப்போர் உண்டு. இறுக்கிப் பிடிக்கும் சார்புக்கு அந்த மறுப்பு மிகச் சரி. சமன்செய்து தாங்கும் சார்புக்குப் பொருந்தாது. ஆனால் லென்ஸைச் சமன்செய்வது வெளியிலுள்ள ஒரு கை. உயிரின் பக்குவத்தில் அருளின் பங்கு எவ்வளவு, முயற்சியின் பங்கு எவ்வளவு என்பதற்கு இந்த ஒப்புமை விடை தராது.