அறிவுக்கு வேலி உண்டோ?



பிறர் பொருளை அவர் கொடாமல் எடுப்பது களவு. இதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் கண்டறிந்த மருந்தை, அவர் இசைவின்றி மற்றொருவர் செய்து ஏழைக்கு மலிவாக விற்பாராயின், அதுவும் களவாகுமா? கொடாததை எடாமையைச் சீலமாகக் கொண்டவர் இவ்வினாவை எளிதில் தள்ளிவிடலாகாது.

ஒருவருடைய வேட்டியை நாம் எடுத்துக்கொண்டால் அவருக்கு வேட்டி இல்லை. அவர் நெய்யும் முறையைக் கற்றுக்கொண்டாலோ, அவர் தறி நிற்பதில்லை, கை மறப்பதுமில்லை. ஆதலின் அறிவு பிற உடைமைகளைப் போன்றதன்று. அதற்கு வேலியிட்டது இயற்கையன்று, சட்டமே. அவ்வேலி எவர் நன்மைக்கென்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு.

நம் நாட்டில் இதனை ஆராய்ந்து 1959-ல் அறிக்கை அளித்தவர் நீதிபதி இராஜகோபால ஐயங்கார். அதன் வழியே வந்தது 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். அது மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. அதே மருந்தை வேறு முறையில் செய்யத் தடையில்லை; விலையும் இறங்கியது. பின்னர் உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையால், 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் 20 ஆண்டு உரிமை தரவேண்டியதாயிற்று. எனினும் இரண்டு வாயில்கள் அடைபடவில்லை.

ஒன்று: அறிந்த மருந்தின் உருவை மட்டும் மாற்றி, நோய் தீர்க்கும் ஆற்றல் கூடாதிருக்க, புதியதென்று உரிமை பெறலாகாது. இரத்தப் புற்றுநோய்க்குரிய கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட உரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. 2013-ல் உச்சநீதிமன்றமும் மறுத்தது.

மற்றொன்று கட்டாய உரிமம். ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்குரிய ஒரு மருந்தைப் பேயர் நிறுவனம் மாதத்திற்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய்க்கு விற்றது. அதனை 8,880 ரூபாய்க்குச் செய்து விற்க 2012-ல் நாட்கோ நிறுவனம் உரிமம் பெற்றது.

“உழைத்துக் கண்டவனுக்குக் கூலி வேண்டாமா?” என்பர் சிலர். வேண்டும். கூலி மறுக்கப்படும் கொடுமையை உழைப்பாளியைவிட அறிந்தவர் யார்? ஆதலாலன்றோ விற்பனையில் நூற்றுக்கு 6 பங்கு பேயருக்குத் தரவேண்டுமென விதிக்கப்பட்டது. பின்னர் அது 7 ஆயிற்று. அங்கே மறுக்கப்பட்டது கூலியன்று. நோயாளியின் உயிருக்குத் தான் வேண்டிய விலையைக் குறிக்கும் ஆதிக்கமே. கூலியும் தராது மறைவில் செய்து பொருள் குவிப்பவனை நாம் புகழவில்லை. உரிய பங்கைக் கொடுத்து, ஊரறியச் செய்து, உயிர் காப்பது களவாகாது.

பிறப்பைக் காட்டி ஏட்டைத் தொடவிடாது தடுத்த நாடு இது. அவ்வேலியின் முள் தைத்தவர் நாம். இன்று விலையைக் காட்டி மருந்தைத் தொடவிடாத வேலியைக் கண்டு வாளாவிருத்தல் தகுமா?

காப்புரிமை வழங்கப்படுமுன் எவரும் எதிர்ப்பு எழுதித் தரலாம் என்கிறது சட்டம். கிளிவெக் வழக்கில் புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்று அவ்வாறே எதிர்த்தது. வாயில் திறந்திருந்தும் அதனை அறியாதவனுக்கு அது சுவரே. ஆதலின் சட்டத்தைப் படியுங்கள். படித்ததை அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். சொல்வதால் அது குறையாது.