அறிதுயிலும் அறியாத் துயிலும்

தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய திருநீர்மலையில் திருமால் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு திருக்கோலங்களில் வழிபடப்படுகிறார். மலைமேல் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதரின் உறக்கத்தை வைணவ மரபு யோக நித்திரை என்று, அதாவது உலகனைத்தையும் அறிந்தவாறே கொள்ளும் துயில் என்று விளக்குகிறது. ஊழிவெள்ளத்தில் ஆலிலைமேல் தனித்துக் கிடக்கும் பாலகனாக அதே தெய்வத்தைக் காட்டும்போதும், அப்பாலகனை ஏதும் அறியாச் சிசுவாக மரபு கருதுவதில்லை. அடிவாரத் தெருக்களிலும் குரோம்பேட்டை, சேலையூர் குடியிருப்புகளிலும் உறங்கும் மானிடச் சிசுவின் நிலை இதற்கு நேர்மாறானது. தனக்கு நேரும் இடரை உணர்ந்து விழித்துக்கொள்ளும் ஆற்றல்கூட அதற்கு இன்னும் முழுதாக வாய்க்கவில்லை.

ஓராண்டு நிறையாத, நலமாக இருந்த குழந்தை உறக்கத்திலேயே இறந்து, பிரேதப் பரிசோதனையாலும் சூழலை ஆராய்ந்தும் காரணம் புலப்படாதபோது மருத்துவம் அதைத் திடீர் சிசு மரணம் என்கிறது. இரண்டு முதல் நான்கு மாதப் பருவத்தில் இது மிகுதி. குப்புறக் கிடக்கும் சிசுவோ, மெத்தையில் முகம் புதைந்த சிசுவோ தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் உள்ளிழுக்கும். கரியமில வாயு மிகும்போது தலையைத் திருப்பவோ வீறிட்டு அழவோ செய்விக்கும் மூளைத்தண்டின் தூண்டுதல் சில சிசுக்களிடம் போதிய வலுவோடு எழுவதில்லை என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் சிசுக்களைக் குப்புறப் படுக்கவைக்கலாகாது என அறிவுறுத்தி, 1994இல் பிற அமைப்புகளோடு சேர்ந்து மல்லாத்திப் படுக்கவைக்கும் பரப்புரையும் தொடங்கியபின், அந்நாட்டில் இம்மரணங்கள் பத்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மல்லாத்தினால் கக்கிய பால் புரையேறும் என்று பாட்டிமார் அஞ்சுவது இயல்பே. ஆயினும் நலமான சிசுக்களிடம் அவ்வாறு புரையேறுவது மிகவில்லை.

மெய்யியல் சிக்கல் இங்கேதான் எழுகிறது. எழுதியபடிதான் நடக்கும் என்றும், சாமி பார்த்துக்கொள்ளும் என்றும் நம்பும் வீட்டில், சிசுவை மல்லாத்துவதும் அதன் அருகிலிருந்து தலையணையை அகற்றுவதும் நம்பிக்கைக் குறைவாகுமா? திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமைக்கு, அதாவது விடாமுயற்சிக்கு, மற்றோர் அதிகாரத்தையும் வகுத்து இரண்டையும் அருகருகே வாழவிடுகிறது. வைணவமோ இவ்வினாவை இன்னும் கூர்மையாக்கியது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல அடியவனிடமும் சிறு முயற்சி வேண்டும் என்பது வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையாரின் நிலை. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியைப் போல அடியவன் வாளாவிருந்தாலே போதும் என்பது பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையாரின் நிலை. முயற்சியையே விலக்கும் இரண்டாம் கொள்கை பெற்றோரின் எச்சரிக்கையையும் விலக்குவதாக முதற்பார்வைக்குத் தோன்றலாம். ஆனால் அக்கொள்கை பேசுவது ஒருவர் தம் உயிரின் வீடுபேற்றைப் பற்றி. பிறிதோர் உயிரைக் கையில் ஏந்தியவரின் பொறுப்பைப் பற்றி அன்று. தொட்டிலருகே நிற்பவர் குட்டியின் இடத்தில் இல்லை, தாய்ப்பூனையின் இடத்தில் இருக்கிறார். குட்டி எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குக் கவ்விச் செல்லும் தாயின் மேல் சுமை கூடுகிறது.

அச்சுமை பெரும்பாலும் எளிய செயல்களால் ஆனது. இறுகிய சமதளமான படுக்கை, தலையணையோ தளர்ந்த போர்வையோ இல்லாத இடம், புகையற்ற அறை, தாய்ப்பால், முதல் ஆறு மாதமேனும் பெற்றோரின் அறையிலேயே தனிப்படுக்கை ஆகியவற்றை மருத்துவர்கள் கேட்கிறார்கள். தரையில் விரித்த பாய் இதற்கு இலவம்பஞ்சு மெத்தையைவிட நெருக்கமானது. ஒற்றையறை வாடகைப் போர்ஷனும் இதற்குத் தடையில்லை. சேலைத் தூளியைப் பற்றி மட்டும் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும்: துணி வளைந்து தொங்குவதால் சிசுவின் முகவாய் மார்பில் அழுந்தி மூச்சுவழி குறுகக்கூடும், சற்று வளர்ந்த பிள்ளையின் கழுத்தில் முறுக்கிய சேலை இறுகவும் கூடும். தாலாட்டின் இனிமைக்காக இந்த உண்மையை மென்மையாக்குவது குழந்தைக்கு இழைக்கும் தீங்கு.

இவ்வளவும் செய்தபின்னும் சில சிசுக்கள் இறக்கின்றன. பால் கொடுத்தபடியே அசந்துவிட்டாயா என்று சுற்றத்தார் தாயைக் கேட்கும் அந்த வேளையில்தான் ஊழ் என்னும் சொல்லுக்கு நியாயமான இடம் உண்டு. அவளைக் குற்றவாளியாக்காமல் காக்க அது உதவும். சிசு உயிரோடு உறங்கும் இரவில் அச்சொல்லை எடுப்பவர் தம் வேலையைத் தட்டிக்கழிக்கிறார். நள்ளிரவில் பாலூட்டிக் களைத்த தாயின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கி அதன் பாயில் மல்லாத்துவதற்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும். பாட்டி உடனில்லாத பெருங்களத்தூர் அடுக்ககத்தில் அவர் தகப்பனாகவே இருக்க முடியும்.