நம்பி வைத்த பொருள்

கலிபோர்னியாவில் பணிபுரியும் என் பெயர்த்தி சென்ற ஆண்டு வாடகை வீட்டைக் காலி செய்தாள். முன்பணமாகக் கொடுத்த 2,400 டாலரில் 700 டாலரே திரும்பி வந்தது. சுவரின் வண்ணம் மங்கியது, தரைவிரிப்பு தேய்ந்தது, சமையல் மேடை கருகியது என்று காரணம் கூறப்பட்டது. "பாட்டி, வழக்குத் தொடுத்தால் அது ஹிம்சையாகுமா?" என்று கேட்டாள். "போனால் போகிறது, விட்டுவிடம்மா" என்றேன். பின்னர் அவ்விடை என்னையே உறுத்தியது.

அம்மாநிலச் சட்டப்படி, வீட்டைக் காலி செய்த 21 நாள்களுக்குள் முன்பணத்தைத் திருப்பித் தருதல் வேண்டும். பிடித்தம் செய்தால் கணக்குத் தருதல் வேண்டும். இயல்பான தேய்மானத்துக்குப் பிடித்தம் செய்தல் கூடாது. கேட்டும் தராவிடில் சிறு வழக்கு நீதிமன்றத்தை நாடலாம். தனிநபர் ஒருவர் அங்கே 12,500 டாலர் வரை கோரலாம். வழக்கறிஞர் வாதிடுவதில்லை, இரு தரப்பினரும் தாமே பேசுகின்றனர். தீய எண்ணத்தோடு பணத்தைப் பிடித்து வைத்தவர், முன்பணத்தின் இரு மடங்கு வரை கூடுதலாகச் செலுத்தவும் நேரிடலாம்.

அறநூல் கூறுவது யாது? தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், வாய்மை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாக நியாசாபகாரத்தைக் கூறுகிறது. பொருளை ஒப்படைத்தவர் அளவை மறந்து குறைத்துக் கேட்கும்போது, "ஆம், அவ்வளவே" என்று கொடுத்தனுப்புவதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். இக்குற்றம் கள்ளாமையின் கீழ் அன்றி வாய்மையின் கீழ் வைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. பொருள் மறைவதற்கு முன்பே உண்மை மறைக்கப்படுகிறது.

அவ்வாறாயின், பொய்க் கணக்கைக் கண்டும் வாளாவிருத்தல் பற்றின்மை ஆகுமா? மனமுவந்து விடுவதே துறவு. அச்சத்தாலும் அலுப்பாலும் விடுவதற்கு அப்பெயர் பொருந்தாது. அன்றியும், அடுத்து அவ்வீட்டில் குடிவருவோருக்கும் அதே பொய்க் கணக்கு காத்திருக்கும். எனினும் குரோதத்தோடு வழக்காடினால் நாமும் வினையைச் சேர்த்தவராவோம். ஆகவே பெயர்த்தியிடம், "வழக்குத் தொடு, ஆனால் உன் கணக்கும் மெய்யாக இருக்கட்டும்" என்றேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், சமையல் மேடையின் கருகல் தன்னால் நேர்ந்ததே என்றாள். அதற்குரிய 200 டாலரைக் கழித்து 1,500 டாலர் மட்டும் கோரினாள். இரு மடங்கு கேட்குமாறு தோழியர் தூண்டியும் கேட்கவில்லை. கோரிய தொகை கிடைத்தது.

இதனோடு என் கட்டுரை முடிந்திருக்கலாம். ஆயினும் வாய்மையைப் பற்றி எழுதுபவள் ஒன்றை மறைத்தல் தகாது. 1987இல் வந்தவாசியில் எங்கள் வீட்டில் குடியிருந்த ஆசிரியர் ஒருவர் மாறுதலாகிச் சென்றார். வெள்ளையடிக்கும் செலவு என்று அவருடைய முன்பணத்தில் 300 ரூபாயைப் பிடித்துக்கொண்டேன். அது எப்படியும் நாங்கள் செய்யவேண்டிய செலவு. அவர் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. அம்மௌனத்தைச் சம்மதமென்று இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

வீடு வாடகைக்கு விட்டிருக்கும் நம் குடும்பத்தார் தத்தம் கணக்கேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன். நான் அந்த ஆசிரியரின் முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.