கடிவாளமும் கர்வமும்

குதிரையின் தலையில் பூட்டும் கடிவாளத்தை ஆங்கிலத்தில் 'பிரைடில்' என்பார்கள். நெற்றிவார், கன்னவார், வாய்க்குள் கிடக்கும் இரும்பு, சவாரி செய்வோன் கையில் பிடிக்கும் வார் ஆகிய அனைத்தும் சேர்ந்த தொகுதிக்கு அது பெயர். அப்பெயரையே வினையாக்கி, நாவை அடக்குதல், ஆசையை அடக்குதல், சினத்தை அடக்குதல் என்ற பொருளில் அம்மொழியினர் பல நூற்றாண்டுகளாக வழங்கி வருகின்றனர். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே வினைக்கு மற்றோர் அர்த்தமும் உண்டு. பிறர் சொன்ன ஒரு வார்த்தை தம் கௌரவத்துக்குக் குறைவு என்று பட்ட மாத்திரத்தில், மோவாயை உள்ளுக்கு இழுத்து, தலையை நிமிர்த்தி, முகத்தை முறுக்கிக்கொள்கிறாரே ஒருவர், அவர் செய்வதையும் ஆங்கிலேயர் அச்சொல்லாலேயே குறிப்பர். வாரைச் சுண்டியதும் குதிரை கழுத்தை வளைத்துத் தலையைத் தூக்கும் தோற்றத்திலிருந்து பிறந்த பிரயோகம் அது. அடக்குவதற்கும், அடக்கும்போது சிலிர்த்துக்கொள்வதற்கும் ஒரே சொல்!

இந்திரிய நிக்ரகத்தைப் பற்றிச் சமய நூல்கள் பேசுவதில் பெரும்பகுதி இவ்விரண்டில் முதல் அர்த்தத்தைப் பற்றியது. இரண்டாவதை நாம் நூல்களில் தேடவேண்டியதில்லை. விரதம் இருப்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும், நாள் முழுவதும் கண்ணாரக் காணலாம். புலன்களை ஒடுக்குவதற்காக மேற்கொண்ட சாதனையே அகங்காரத்துக்கு ஆகாரமாகி, ஒடுக்கியவனை ஒடுக்காதவனைக் காட்டிலும் கடுமையானவனாக ஆக்கிவிடுமாயின், அச்சாதனையின் பயன்தான் என்ன என்ற கேள்வி எழாமல் இராது.

கடிவாளம் வேலை செய்யும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது இவ்விசாரணைக்கு உதவும். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, இயற்கையிலேயே பல் இல்லாத வெற்றிடம் ஒன்று இருக்கிறது. மெல்லிய தசை மாத்திரம் போர்த்திய தாடையெலும்பின் அவ்விளிம்பிலும், அதற்கிடையே படுத்திருக்கும் நாவின் மேலும்தான் இரும்பு படிகிறது. மனிதனைப்போல் ஐந்து ஆறு மடங்கு எடையுள்ள பிராணி அவனுடைய விரல் அசைவுக்குக் கட்டுப்படுவது, அவ்விடத்தில் உள்ள உணர்ச்சியின் கூர்மையால்தான். இரும்பின் இருபுறமும் நீண்ட கைகளை வைத்து, தாடைக்குக் கீழே ஒரு சங்கிலியையும் கோத்துவிட்டால், இழுக்கும் விசை நெம்புகோல் முறையில் பன்மடங்காகிவிடும். பலத்தில் நம்பிக்கையுள்ளவர்கள் அதையே நாடுவார்கள். ஆயினும், ஓயாமல் இழுக்கப்பட்ட குதிரைக்கு வாய் மரத்துப்போகிறது என்பதும், மரத்துப்போன பிறகு அதனினும் கடுமையான இரும்பு தேவைப்படுகிறது என்பதும் குதிரைக்காரர்கள் நன்கறிந்த விஷயம். தேர்ந்தவன் கையோ, குதிரை இணங்கிய அந்தக் கணத்திலேயே வாரை நெகிழ்த்துகிறது. அது பாடம் கற்பது இழுப்பினால் அன்று, இழுப்பு நின்றுவிடுவதனால்.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம், தன்னைப் பக்தன் என்று எண்ணிக்கொண்டு நாவை அடக்காதவனுடைய பக்தி வீண் என்கிறது; குதிரைகள் நமக்குக் கீழ்ப்படியும்படி அவற்றின் வாயில் கடிவாளம் போடுவதையும் பின்னர் எடுத்துக்காட்டுகிறது. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமம் நாவடக்கத்தைச் சொல்லுமிடத்தில் நாம் மேலே கண்ட வினையையே வழங்குகிறது. வாயிரும்பு படிவது நாவின் மேல் என்பதை நினைத்தால், உபமானத்தின் பொருத்தம் இன்னும் ஆழமாகப் படும். ஆனால் அது ஒவ்வொருவரும் தம் நாவுக்குத் தாமே பூட்டிக்கொள்வதற்குச் சொன்னது. அதே வேதத்தை வாசித்த ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில், வாயாடி என்று பெயரெடுத்த பெண்ணின் தலையில் இரும்புக் கூட்டை மாட்டி, அதிலிருந்து நீண்ட தகட்டை அவள் நாவின் மேல் அழுத்தி, வீதியில் நடத்திச் சென்றார்கள். அக்கருவிக்கும் பெயர் கடிவாளம்தான். உபமானத்தை இரும்பாக வார்க்கும்போது அதைப் பிறர் தலைக்கு அளவெடுப்பது மனித சுபாவம் போலும்.

அடக்கவேண்டியது வன்மையாலா, இணக்கத்தாலா என்ற கேள்வியில் கிரேக்க நாட்டார் இருவர் இரு துருவங்களாக நிற்கின்றனர். இருவரும் சாக்ரடீஸின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பது விசேஷம். பிளேட்டோ தம்முடைய 'ஃபீட்ரஸ்' உரையாடலில் ஆன்மாவை ஒரு தேரோட்டியாகவும் இரு குதிரைகளாகவும் உருவகிக்கிறார். வெள்ளைக் குதிரை சொல்லுக்கே கட்டுப்படும். கருங்குதிரையோ இச்சையின் வடிவம். அழகைக் கண்டு அது பாயும்போது தேரோட்டி வாரைப் பின்னுக்கு வெட்டி இழுக்க, அதன் நாவும் தாடையும் இரத்தத்தில் நனைகின்றன. இவ்வாறு பலமுறை ஆனபின் அது பணிந்து, அழகைக் கண்டால் அச்சத்தால் நடுங்குகிறது. செனஃபோனோ வாழ்நாளில் பெரும்பகுதியைக் குதிரைமேல் கழித்த போர்வீரர், கி.மு. 401-இல் பாரசீகத்துக்குள் சென்று, தலைவர்களை இழந்த கிரேக்கக் கூலிப்படையைக் கருங்கடல் வரை நடத்தி வந்தவர்களில் ஒருவர். குதிரைச் சவாரியைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலில், பலாத்காரத்தால் குதிரை செய்வதை அது புரிந்துகொண்டு செய்வதில்லை என்றும், சாட்டைக்கும் முள்ளுக்கும் அஞ்சி ஆடுகிறவனுடைய ஆட்டத்தில் அழகு இராததுபோல் அதிலும் அழகு இராது என்றும் கூறுகிறார். அவரை மென்மையே உருவானவர் என்று எண்ணிவிடலாகாது. சொரசொரப்பான வாயிரும்பு ஒன்றும் வழவழப்பானது ஒன்றும் வைத்திருக்கச் சொல்பவர்தாம். ஆயினும், வாரைத் தளர்த்திவிட்டுக் கழுத்தை வளைக்கப் பழக்கினால், பெட்டைக் குதிரைகளின் முன் தானாக எந்த மிடுக்கோடு நிற்குமோ, அதே மிடுக்கோடு குதிரை மகிழ்ந்து நடக்கும் என்பது அவர் கண்ட அனுபவம்.

இதில் நம் சிந்தனைக்குரிய சங்கடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. வார் இறுகியதால் வளைந்த கழுத்தும், வார் தளர்ந்ததால் வளைந்த கழுத்தும் பார்ப்பதற்கு ஏறத்தாழ ஒன்றே. வீதியில் நிற்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. பிளேட்டோவின் குதிரை பணிந்தது அச்சத்தால். அஞ்சுகிறவனுக்கு அடக்கம் உண்டு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கடோபநிஷத்தில் நசிகேதனுக்கு யமன் உரைக்கும் தேர் உருவகத்தில் உடல் தேர், புத்தி சாரதி, மனம் வார், இந்திரியங்கள் குதிரைகள், ஆன்மா தேரில் அமர்ந்திருப்பவன். விவேகிக்குப் புலன்கள் நல்ல குதிரைகளாக அமைகின்றன என்கிறதேயன்றி, அவற்றின் வாயில் இரத்தம் கசிந்ததாக அது கூறவில்லை. சாட்டையைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. மனத்தைக் குதிரையாக்காமல் வாராக்கிய நுட்பத்தையும் கவனிக்கவேண்டும்: ஒரு நுனி புத்தியின் கையில், மறுநுனி புலனின் வாயில், இறுகினாலும் தளர்ந்தாலும் இரு நுனியிலும் ஒருங்கே தெரியும்.

வள்ளுவர் குதிரையை விட்டு யானையைப் பிடித்தார். ஐம்பொறிகளை அறிவாகிய தோட்டியால் காப்பவனைப் போற்றும் குறள் 'நீத்தார் பெருமை' அதிகாரத்தில் நான்காவதாக நிற்கிறது. அதே அதிகாரத்தின் ஒன்பதாம் குறளோ, குணக்குன்றில் ஏறி நின்றவர்களின் வெகுளியைப் பேசுகிறது. அவ்வெகுளி நிலைப்பது ஒரு கணமே ஆயினும் வெகுளப்பட்டவரால் அதைத் தடுக்க முடியாது என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். அத்தகையோர் உள்ளத்தில் சினம் ஒரு கணமும் தங்காது என்று கொள்வாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், அடக்கியவர்களின் பெருமையைச் சொல்லப் புகுந்த ஆசிரியர் அவர்களுடைய சினத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை.

விசுவாமித்திரரின் சரித்திரம் இதற்கு நீண்ட விளக்கம். மேனகையிடம் காமத்தால் தவத்தை இழந்தவர், அடுத்துத் தம்மை மயக்க வந்த ரம்பையிடம் மயங்கவில்லை. அவளைக் கல்லாகும்படி சபித்தார். ஒரு புலனை வென்ற மிடுக்கே சினமாக வெளிப்பட்டது. தவம் மீண்டும் போயிற்று. அதன்பின் அவர் மௌன விரதம் பூண்டார். விரதம் முடிந்து உண்ண அமர்ந்த வேளையில் இந்திரன் அந்தணர் வேடத்தில் வந்து அவ்வன்னத்தை யாசிக்க, முழுவதையும் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் மறுபடி தவத்தில் ஆழ்ந்தார் என்கிறார் வால்மீகி. முறுக்கிக்கொள்வதற்கு இதைவிடத் தகுந்த சந்தர்ப்பம் வேறு வாய்த்திராது, அவர் முறுக்கிக்கொள்ளவில்லை. ஆனால் கடைசியில் பிரமனே பிரம்மரிஷி என்று அழைத்த பிறகும், அதைத் தம் பழைய பகைவரான வசிஷ்டரும் தம் வாயால் சொல்லவேண்டும் என்று அவர் கேட்டதையும் அதே வால்மீகி மறைக்காமல் எழுதியிருக்கிறார். வசிஷ்டர் தயங்காமல் சொன்னார். விசுவாமித்திரர் அவரைப் பூஜித்தார். அந்த வேண்டுகோளில் எஞ்சியிருந்தது பழைய கர்வமா, பகை தீர்வதற்கான கடைசி முயற்சியா என்பதில் படிப்பவர்கள் ஒத்துப்போவதில்லை. முன்னதும் பின்னதும் கலந்தே இருந்தன என்று கொள்வதே நமக்கு நியாயமாகத் தோன்றுகிறது.